பச்சைக் குழந்தைக்கு வலிக்காது என்றார்கள்

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு ஊசி குத்தினால் வலிக்குமா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எந்தப் பாட்டியும் சிரிப்பார். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது, கை காலை உதறுகிறது, வீல் என்று கத்துகிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

வேண்டும் என்று சொன்னார்கள் மருத்துவர்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 1987 வரைக்கும், மேற்கத்திய மருத்துவத்தில் பரவலாக இருந்த பதில் "வலிக்காது" என்பது. கொஞ்சம் தயங்கியவர்கள் சொன்ன பதில் "வலித்தாலும் ஞாபகம் இருக்காது" என்பது. ஏதோ பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த கருத்து என்று நினைக்க வேண்டாம். இதை நம்பித்தான் குழந்தைகளின் நெஞ்சைத் திறந்து ஆபரேஷனே செய்தார்கள்.

1985இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். ஒரு ஆண் குழந்தை இருபத்தாறு வாரத்திலேயே பிறந்துவிட்டது. இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் உண்டு. கருவில் இருக்கும்போது அது திறந்திருக்கும், பிறந்ததும் தானாக மூடிக்கொள்ளும். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பல சமயம் அது மூடாது. இந்தக் குழந்தைக்கும் மூடவில்லை. ஆபரேஷன் செய்து அந்தக் குழாயைக் கட்ட வேண்டியிருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் துளை போட்டு, மார்பு எலும்பிலிருந்து முதுகெலும்பு வரை கீறி, விலா எலும்புகளை விலக்கி வேலை நடந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஐந்து வாரம் கழித்துக் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் தாய் மருத்துவப் பதிவுகளை வாங்கிப் படித்தார். ஆபரேஷனின்போது கொடுத்தது பேன்க்யூரோனியம் என்ற மருந்து மட்டும். அது தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து. வலியைக் குறைக்காது, தூக்கமும் வராது. அதாவது குழந்தை முழு நினைவோடு, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், கத்தவும் முடியாமல் கிடந்திருக்கிறது. ஏன் இப்படி என்று தாய் கேட்டபோது கிடைத்த பதில், குறைமாதக் குழந்தைகளுக்கு வலி தெரியும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பது.

இந்த மருத்துவர்கள் ஒன்றும் கொடூரர்கள் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் செய்தார்கள். அப்படியானால் எல்லோரும் அப்படிச் செய்யும் நிலை எப்படி வந்தது? இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1846 அக்டோபர் 16. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் புகையைக் கொடுத்து மயங்க வைத்தார். அறுவை சிகிச்சை நடந்தது, நோயாளி கத்தவில்லை. மருத்துவ வரலாற்றில் பெரிய நாள் அது. அடுத்த வருஷமே குளோரோஃபார்ம் வந்தது. ஆரம்பத்தில் குழந்தைகளுக்கும் இவற்றைக் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. லண்டனில் ஜான் ஸ்னோ (காலரா எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்த அதே ஸ்னோ) ஒரு வயதுகூட ஆகாத குழந்தைகளுக்கும் குளோரோஃபார்ம் கொடுத்திருக்கிறார்.

ஆனால் பயமும் கூடவே வந்தது. 1848இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கால் நகத்தை எடுக்க வந்த பதினைந்து வயதுப் பெண் குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. நகத்தை எடுக்க வந்த பெண் பிணமாகப் போனால் யாருக்குத்தான் பயம் வராது? அதே வருஷம், ஈதர் செய்தியை உலகத்துக்கு எழுதி அறிவித்த ஹென்றி பிகலோ இன்னொரு வாதத்தை வைத்தார். கைக்குழந்தைக்கு வரப்போகும் வலியைப் பற்றிய பயமும் இல்லை, வந்துபோன வலியைப் பற்றிய நினைவும் இல்லை, ஆகவே அதற்கு ஆழ்ந்த மயக்கம் தேவையில்லை என்றார்.

கவனித்துப் பார்த்தால், வலிக்காது என்று பிகலோ சொல்லவில்லை. ஞாபகம் இருக்காது என்றுதான் சொன்னார். இந்த இரண்டும் வேறு வேறு. ஆனால் பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்.

1870களில் ஜெர்மனியில் பால் ஃப்ளெக்சிக் என்பவர் குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தார். நரம்பு இழைகளின் மேல் மையலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கும், மின்கம்பியின் மேலே பிளாஸ்டிக் இருப்பது மாதிரி. பிறந்த குழந்தைக்கு இந்த உறை முழுதாக வளர்ந்திருக்காது. கண்டுபிடிப்பு சரிதான். அதிலிருந்து மற்றவர்கள் எடுத்த முடிவுதான் தப்பு. உறை இல்லை என்றால் செய்தி போகாது, செய்தி போகவில்லை என்றால் வலி தெரியாது என்று கணக்குப் போட்டார்கள். பெரியவர்களின் உடம்பிலேயே நீடித்த வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகளுக்கு மையலின் உறை கிடையாது. உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தையின் உடம்பும் சின்னது, போக வேண்டிய தூரமும் குறைவு.

1941இல் நியூயார்க்கில் மிர்ட்டில் மெக்ரா என்ற உளவியலாளர் 75 குழந்தைகளைக் குண்டூசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். பிறந்து சில மணி நேரமே, சில நாளே ஆன குழந்தைகளில் சிலர் எதுவும் காட்டவில்லை. மற்றவர்கள் உடம்பை உதறினார்கள், அழுதார்கள். அழுததையும் மெக்ரா அனிச்சைச் செயல் என்றே எடுத்துக்கொண்டார். மூளையின் மேல்பகுதி இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை என்பது அவர் முடிவு. குழந்தை சும்மா இருந்தால் வலிக்கவில்லை, அழுதால் அது அனிச்சை. இப்படி ஒரு சோதனையில் குழந்தை எப்படி ஜெயிக்கும் சொல்லுங்கள்?

அடுத்த வருஷம், 1942இல், கனடாவின் மான்ட்ரியலில் க்யூரேர் என்ற மருந்து அறுவை சிகிச்சைக்குள் நுழைந்தது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் விஷம் அது. தசைகள் தளர்ந்துபோகும். கத்தி வைக்கும்போது நோயாளி அசையாமல் கிடந்தால் சர்ஜனுக்கு வசதி. அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது மயக்கமும் தருகிறதோ என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தன் உடம்பிலேயே க்யூரேரை ஏற்றிக்கொண்டார். மூச்சுகூட விட முடியாத அளவுக்கு. கூட இருந்தவர்கள் செயற்கையாக மூச்சு கொடுத்தார்கள். கடைசி வரைக்கும் அவருக்கு முழு நினைவு இருந்தது, கேட்டதெல்லாம் காதில் விழுந்தது, வலியும் தெரிந்தது. 1947இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆக, அசையாமல் கிடப்பவனுக்கு வலி தெரியும் என்பது 1947லேயே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். பெரியவர்கள் விஷயத்தில் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். குழந்தைகள் விஷயத்தில் இல்லை. 1950இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ் பச்சிளம் குழந்தைகளுக்கான மயக்க முறை ஒன்றை எழுதினார். நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, அதோடு தசை தளர்த்தும் மருந்து. இந்த 'லிவர்பூல் முறை' உலகம் முழுக்கப் பரவியது. நியாயமாகச் சொன்னால் அந்த முறையால் நிறைய குழந்தைகள் பிழைத்தார்கள். அப்போதிருந்த பலமான மயக்க மருந்துகள் சின்னஞ்சிறு இதயத்தை அழுத்தி, ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையை மயக்கி, மறுபடி எழுப்புவது விளையாட்டு இல்லை. ஆனால் சிரிப்பு வாயு மட்டும் ஒரு பெரிய ஆபரேஷனின் வலியைத் தடுக்கப் போதாது. வாஷிங்டன் குழந்தைக்குப் போலச் சில இடங்களில் அதுவும் கிடைக்கவில்லை.

பி.காம். படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பேரேட்டில் பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தால் என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்கள். கொடுக்காவிட்டால் என்ன ஆபத்து என்ற பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே எழுத எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

பச்சிளம் குழந்தைகள் மட்டும் என்றில்லை. 1977இல் ஜோவான் ஈலண்ட் என்ற அமெரிக்க நர்ஸ் அறுவை சிகிச்சை முடிந்த 25 சிறுவர் சிறுமியரின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் நான்கிலிருந்து எட்டு வயது, நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். அதில் 13 பேருக்கு ஒரு வேளை வலி மருந்துகூடக் கொடுக்கவில்லை. 25 பேருக்கும் சேர்த்து மொத்தம் 24 வேளை மருந்து. அதே மாதிரி நோய்களுக்காகப் படுத்திருந்த 18 பெரியவர்களுக்குக் கொடுத்தது 671 வேளை! வாயைத் திறந்து "வலிக்குது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் தொட்டில் குழந்தைக்கு என்ன கிடைத்திருக்கும்?

இந்தக் கட்டத்தில் கதைக்குள் வருகிறார் ஒரு இந்திய டாக்டர். பெயர் கே.ஜே.எஸ். ஆனந்த். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு 1980களின் ஆரம்பத்தில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபரேஷனுக்கு அனுப்பும்போது ஓரளவு நன்றாக இருக்கும் குழந்தை, திரும்பி வரும்போது வெளிறிப்போய், நாடித்துடிப்பு தாறுமாறாகி, கவலைக்கிடமாக வரும். ஆபரேஷன் தியேட்டரில் அப்படி என்ன நடக்கிறது? போய்ப் பார்த்தார். தசை தளர்த்தும் மருந்துதான் முக்கியமாகக் கொடுக்கிறார்கள், வலிக்கென்று பெரிதாக எதுவும் இல்லை என்பது தெரிந்தது.

ஆனந்த் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் "ஐயோ பாவம், வலிக்குமே" என்று வாதாடியிருப்பார். அந்த வாதம் எடுபடாது என்பது அவருக்குத் தெரியும். நூறு வருஷமாக அழுது காட்டியும் எடுபடவில்லையே! அதனால் அவர் ரத்தத்தை அளந்தார். உடம்பு தாங்க முடியாத தாக்குதலுக்கு ஆளானால் அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், லாக்டேட் ஏறும். இவற்றை மறைக்கவும் முடியாது, அனிச்சை என்று ஒதுக்கவும் முடியாது. மேலே சொன்ன அதே ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எட்டுப் பேருக்கு வழக்கமான சிரிப்பு வாயுவும் க்யூரேரும். இன்னொரு எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற பலமான வலி மருந்தும்.

முடிவுகள் 1987 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வந்தன. ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளுக்கு ஹார்மோன்கள் எகிறியிருந்தன. அதைவிட முக்கியம், ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்குத்தான் ரத்த ஓட்டத்திலும் உடம்பின் ரசாயனத்திலும் சிக்கல்கள் வந்தன. பதினாறே குழந்தைகள். ஆனால் பேரேட்டின் வெறும் பக்கத்தில் முதல் முறையாக எண்கள் விழுந்துவிட்டன.

வாஷிங்டன் தாயும் சும்மா இருக்கவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1986இல் அவர் மகனின் கதை 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வந்தது. படித்த பொதுமக்கள் அதிர்ந்துபோனார்கள். ஒரு பக்கம் ஆராய்ச்சி, இன்னொரு பக்கம் கோபம். 1987 செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் அறிக்கை வெளியிட்டது. பச்சிளம் குழந்தைகளுக்கும் பாதுகாப்பாக மயக்க மருந்து கொடுக்க முடியும், வயதை மட்டும் காரணம் காட்டி அதை மறுக்கக் கூடாது என்றது அறிக்கை. அந்த நவம்பரில் ஆனந்தும் பால் ஹிக்கியும் அதுவரை கிடைத்த ஆதாரங்களை எல்லாம் திரட்டி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு நீளமான கட்டுரை எழுதினார்கள்.

இரண்டு பேரும் அதோடு விடவில்லை. 1992இல் பாஸ்டனிலிருந்து இன்னொரு ஆய்வு. இதய ஆபரேஷனுக்கு வந்த 45 பச்சிளம் குழந்தைகள். 15 பேருக்கு வழக்கமான மயக்கம், 30 பேருக்கு அதைவிட ஆழமான மயக்கமும் வலி நீக்கமும். வழக்கமான குழுவில் 4 குழந்தைகள் இறந்தன. ஆழமான குழுவில் ஒன்றுகூட இறக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் குழந்தை செத்துப்போகும் என்று பயந்து கொடுக்காமல் இருந்தவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் வேறு இருக்க முடியாது.

நினைவு இருக்காது என்ற பழைய வாதம்? அதற்கும் 1997இல் அடி விழுந்தது. கனடாவின் டொராண்டோவில் அன்னா டாடியோவும் கூட்டாளிகளும் 87 ஆண் குழந்தைகளை நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது கவனித்தார்கள். பிறந்தவுடன் வலி மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்யப்பட்ட குழந்தைகள் நடுவில் இருந்தார்கள். குழந்தைக்கு அந்த நாள் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், அதன் நரம்புகளுக்கு இருந்திருக்கிறது.

2015இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரெபெக்கா ஸ்லேட்டரின் குழு, தூங்கிக்கொண்டிருந்த பத்துக் குழந்தைகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து, பென்சில் முனை மாதிரி ஒன்றால் காலில் லேசாகக் குத்தியது. எல்லாம் ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகள். வலி தெரியும்போது பெரியவர்களின் மூளையில் 20 பகுதிகள் வேலை செய்தன. அதில் 18 குழந்தைகளின் மூளையிலும் வேலை செய்தன. பெரியவர்களுக்கு நான்கு மடங்கு அழுத்தம் கொடுத்தால் வரும் எதிர்வினை குழந்தைகளுக்குச் சின்னக் குத்திலேயே வந்தது. அதாவது குழந்தைக்கு வலி குறைவு என்பதற்குப் பதில், அது இன்னும் சீக்கிரம் உணர்கிறது என்று தெரிகிறது.

இத்தோடு கதை சுபம் என்று முடித்துவிடலாம் என்றால், இல்லை.

அறிவது ஒன்று, செய்வது இன்னொன்று. 1988இல் பிரிட்டனில் குழந்தைகளுக்கான மயக்க மருத்துவர்களைக் கேட்டார்கள். பிறந்த குழந்தைக்கு வலி தெரியும் என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பலமான வலி மருந்து எழுதிக்கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பாரிஸ் வட்டாரத்து மருத்துவமனைகளில் 430 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தைக்கு நாள் ஒன்றுக்குப் பத்து தடவை ஏதாவது ஒரு வலி தரும் வேலை நடக்கிறது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, மூக்கில் குழாய் செருகுவது, ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பது... இவற்றில் சுமார் 79 சதவீதம் வலிக்கென்று தனியாக எதுவும் செய்யாமல் நடந்தவை.

மருந்து விஷயமும் சிக்கலானது. அந்தக் காலத்து மருத்துவர்களின் பயம் முழுக்கப் பொய் இல்லை. 2004இல் ஆனந்தே தலைமை தாங்கிய பெரிய ஆய்வில் செயற்கை சுவாசத்தில் இருந்த 898 குறைமாதக் குழந்தைகள் பங்கேற்றார்கள். தொடர்ந்து மார்ஃபின் ஏற்றியதில் எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்கியதுதான் மிச்சம். 2018இல் ஸ்லேட்டர் குழு, கண் பரிசோதனைக்கு முன்னால் வாய்வழியாக மார்ஃபின் கொடுத்துப் பார்த்தது. 31 குழந்தைகளோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மார்ஃபின் குடித்த குழந்தைகளுக்கு மூச்சு தடுமாறியது, வலி குறைந்ததாகவும் தெரியவில்லை.

சர்க்கரைத் தண்ணீர் கதை இன்னும் விசித்திரம். குதிகாலில் குத்துவதற்கு முன்னால் நாக்கில் இரண்டு சொட்டு இனிப்பு விட்டால் குழந்தை குறைவாக அழும். இதைப் பல நாடுகளில் செய்கிறார்கள். 2010இல் லண்டனில் 59 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். இனிப்பு கிடைத்த குழந்தைகளின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் மூளையின் மின் அலைகளைப் பார்த்தால், வெறும் தண்ணீர் குடித்த குழந்தைக்கும் இனிப்பு குடித்த குழந்தைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் சர்க்கரை வலியைக் குறைக்கிறதா, முகத்தை மட்டும் மாற்றுகிறதா? இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரு காலத்தில் முகம் அழுததை நம்பவில்லை. இப்போது முகம் அழாததை நம்பலாமா என்பது கேள்வி.

வலி என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்லும் சர்வதேச அமைப்பு ஒன்று இருக்கிறது, வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம். 1979இல் அது வெளியிட்ட வரையறையில், வலியை அனுபவிப்பவர் அதை எப்படி விவரிக்கிறார் என்பதற்கு முக்கிய இடம் இருந்தது. பேசத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ரொம்ப காலமாகவே பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020இல் வரையறையைத் திருத்தினார்கள். வாயால் சொல்வது வலியைத் தெரிவிக்கும் பல வழிகளில் ஒன்றுதான், சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்று அதன் குறிப்பில் சேர்த்தார்கள். பச்சைக் குழந்தைக்கு மட்டுமல்ல, பேச்சை இழந்த முதியவர்களுக்கும் இது பொருந்தும். 1985க்கும் 2020க்கும் நடுவில் 35 வருஷம்.

பெரிய ஆபரேஷன் என்றால் இன்றைக்குப் பச்சிளம் குழந்தைக்கும் முறையான மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதில் சர்ச்சை இல்லை. சின்னச் சின்னக் குத்தல்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் தேடல் தொடர்கிறது. தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்வது, பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடுவது இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. தடுப்பூசி போடும்போது பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பே 2015இல் பரிந்துரைத்தது. செலவில்லாத வைத்தியம். விற்பதற்கு ஒன்றுமில்லாததாலோ என்னவோ, இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு இன்னொன்றையும் சோதித்தது. குதிகாலில் குத்துவதற்கு முன்னால் குழந்தையின் காலை மென்மையான பிரஷ்ஷால் வருடினார்கள். வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் பலன் இல்லை. 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் மூளையில் வலியின் அலை குறைந்தது. குழந்தையைத் தடவிக் கொடுக்கச் சொன்னால், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பெற்றோர்கள் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் தடவுகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.